நீர்த்தல்

பரேலில் ஐந்தாம் மாடி. ஏசி ஓடாத செவ்வாய்.
தட்டில் தொண்ணூற்றாறு குழி.
ஒவ்வொன்றிலும் ஒரு ஆளின் ரத்தம் தெளிந்த நீர்,
எறும்பு குடிக்கும் அளவு.
கிருமியின் முள்ளை மட்டும் பிடுங்கி
குழிக்கு அடியில் ஒட்டிவைத்திருக்கிறோம்.
அதை அறிந்த ரத்தம் பற்றிக்கொள்ளும்.
அறியாதது கழுவினால் போய்விடும்.
சாயம் விட்டால் பற்றிய இடம் நீலம்,
அமிலம் விட்டால் அந்த நீலம் மஞ்சள்.
இவ்வளவுதான் என் வேலை.
"கோலப்பொடி வியாபாரமா?" என்கிறார் மாமியார்.

மாட்டுங்கா, நாற்பத்திரண்டு.
ஓய்வுபெற்ற சுங்க அதிகாரி.
பதினான்கு மாதம் வாசல் தாண்டவில்லை.
பால் பாக்கெட்டையும் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டியவர்.
முதல் ஊசி போட்டு மூன்று வாரம்,
குழி தண்ணி டீ நிறத்தில் நிற்கிறது.
போனில் கேட்டார்: மெஷின் பழுதா?
இல்லை சார், உங்கள் உடம்பு
இப்போதுதான் முதல் பக்கம் திறந்திருக்கிறது,
இரண்டாம் ஊசிக்குப் பாருங்கள்.
"எதையும் உள்ளே விடாதவனுக்கு இதுதானா மரியாதை"
என்று சிரித்துவிட்டு வைத்தார்.

தாராவி, பதினேழு. அருமைநாயகம்.
பெல்ட் பட்டறையில் ஓட்டை போடுகிறவர்.
போன ஏப்ரலில் காய்ச்சல். ஒரே ஊசி. பத்தாம் நாள் ரத்தம்.
மெஷின் எண் தரவில்லை,
அளவுக்கு மேல் என்று ஒரு கோடு போட்டுக் காட்டியது.
அப்படி வந்தால் நீர்த்துப் பார்க்கவேண்டும்.
நூறில் ஒன்று. மஞ்சள்.
நானூறில் ஒன்று. மஞ்சள்.
ஆயிரத்து அறுநூறில் ஒன்று,
கடுகு எண்ணெய் மாதிரி மஞ்சள்.
டிப் தீர்ந்து இன்னொரு பெட்டி உடைத்தேன்.

தட்டின் ஓரத்தில் எப்போதும் சில பழைய ரத்தம் வைப்போம்,
டெங்கு சர்வேக்காக எடுத்து
எண்பது டிகிரி கீழே உறைந்து கிடந்தவை.
அப்போது இந்த நோய்க்குப் பெயரே கிடையாது.
அவற்றில் இரண்டு மட்டும் லேசாக நிறம் காட்டின.
நான் தட்டை மாற்றப் போனேன்.
நிலோஃபர் மேடம் தடுத்தார்:
பழைய சளிதான், ஏதோ ஒரு மழைக்காலத்து மூக்கொழுகல்.
அதுவும் இந்தக் குடும்பம்.
ரத்தம் புதியவனைப் பார்த்து
பழையவனின் மச்சான் என்று நினைக்கிறது.
அது காக்குமா மேடம்?
"அடையாளம் காட்டும். காக்குமா, தெரியாது" என்றார்.
அவருக்குத் தெரியாததை அவர் சொல்கிற விதம் எனக்குப் பிடிக்கும்.

வெள்ளிக்கிழமை அருமைநாயகம் நேரிலேயே வந்தார்.
காலித் தட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.
"சுத்தமா துளைச்சிருக்கான். எந்த ஊர் அச்சு?"
எண்ணைக் காட்டினேன்.
ஆறாயிரத்து நானூறில்தான் இறங்கியது உங்கள் மஞ்சள்,
ஏற்கெனவே தெரிந்த உடம்பு, அதனால்தான் ஒரே ஊசிக்கு
இப்படி எழுந்து வந்திருக்கிறது என்றேன்.
கொஞ்சம் சந்தோஷமாகவே சொல்லிவிட்டேன்.

"செல்லக்கனிக்குத்தான் முதல்ல வந்தது.
எனக்கு அவகிட்டேருந்து.
சயான் ஆஸ்பத்திரிக்கு அவளைத் தூக்கினது அஞ்சாம் நாள்."
பிறகு ஏதும் சொல்லவில்லை.
கீழே ரயில் போய், மேசையில் கண்ணாடிக் குழாய்கள் கிணுகிணுத்தன.

எங்கள் படிவத்தில் ஒரு கட்டம் உண்டு:
முன்பு தொற்று, ஆம், இல்லை.
யாரிடமிருந்து என்று கேட்கும் கட்டம் இல்லை.
கேட்டால் ஆய்வுக்கு உதவாது.

எண்ணை எழுதித் தரச் சொன்னார்.
எழுதினேன். பெரிதாக எழுதச் சொன்னார்.
மறுபடி எழுதினேன்.
சட்டைப்பைக்குள் வைத்து, எடுத்து,
ஒரு தரம் பார்த்து, மறுபடி வைத்தார்.

ஆறு மணிக்குத் தட்டுகள் சிவப்புப் பைக்குள் போகும்,
ஆவியில் வேகும்.
அன்றைக்கு ஆறேகால் ஆனது.